மாம்பழச்சிட்டை மஞ்சளை நம்பித் தேடாதீர்கள்

வேலூர்ப் பக்கம் மஞ்சளாக எது பறந்தாலும் ‘மஞ்சக்குருவி’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மாங்குயிலும் அதுதான், தேன்சிட்டின் பெட்டையும் அதுதான். இந்தக் குழப்பத்தில் காணாமல் போவது மாம்பழச்சிட்டு. ஐந்து அங்குலப் பறவை. புளியமரத்துக்குள் நுழைந்துவிட்டால் அதன் மஞ்சளும் பச்சையும் வெயில் பட்ட கொழுந்து மாதிரிதான் தெரியும்.

அதனால் முதலில் காதைக் கொடுங்கள். நீளமாக இழுத்த ஒரு சீழ்க்கை, கடைசியில் சட்டென்று கீழே இறங்கும்: ‘வீஈஈஈ… ட்யூ’. அமிர்திக் காட்டோரம், ஜவ்வாது மலை அடிவாரப் புதர்க்காடு, குடியாத்தம் பக்கத்து மாந்தோப்பு, எங்கே கேட்டாலும் அந்த மரத்தடியிலேயே பத்து நிமிஷம் நில்லுங்கள். பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கும். இலை இலையாகப் புரட்டி, சில நேரம் தலைகீழாகத் தொங்கிப் புழு பொறுக்கும். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

கண்ணில் பட்டதும் பார்க்க வேண்டியது இறக்கையை. கருத்த இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். இதே மாதிரி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் வெள்ளைக்கண்ணி என்ற சின்னப் பறவைக்குப் பட்டை கிடையாது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்தான். தையல்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு கீழே வேலியில் திரியும். தேன்சிட்டுக்கு அலகு வளைந்திருக்கும், இதற்கு நேரான, கூரான அலகு. தலை கறுப்பா என்று பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இனப்பெருக்க காலம் முடிந்தால் ஆணின் தலைக் கறுப்பு போய்விடும், பெட்டை மாதிரியே ஆகிவிடும். அப்போது வாலைப் பாருங்கள்: ஆணுக்குக் கறுப்பு, பெட்டைக்குப் பச்சை.

மே முதல் செப்டம்பர் வரை ஆணின் ஆட்டத்தைப் பார்க்கலாம். கிளையிலிருந்து மேலே பாய்ந்து, இடுப்பு இறகையெல்லாம் உப்பிப் பந்தாகி, சுழன்று சுழன்று அதே கிளையில் வந்து இறங்கும். படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: நேர் வெயிலில் அந்த மஞ்சள் வெளுத்துப்போய் இறகின் இழையே தெரியாது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். குரலைப் பதிவுசெய்து போனில் போட்டு வரவழைப்பது வேண்டாம். கூடு கட்டும் நேரத்தில் அது சண்டைக்கு வந்து அலைகிறதே தவிர, இரை தேடுவதில்லை.

கூடு கவட்டைக் கிளையில், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணம். புல்லால் பின்னி, வெளியே சிலந்தி வலையை இழுத்துப் பூசியிருக்கும். கீழிருந்து பார்த்தால் கிளையில் ஒரு முண்டு மாதிரிதான் தெரியும். மாந்தோப்பில் அறுவடை முடிந்து கவாத்துப் பண்ணும் சமயமும் இதுவும் ஒன்றாக வருவதுதான் தொல்லை. அரிவாளை ஓங்குமுன் கவட்டைகளை ஒருமுறை பாருங்கள். முண்டு போலத் தெரிவதற்கு மேலே சின்ன வால் நீட்டிக்கொண்டிருந்தால் அடைகாக்கிறது. முட்டை பொரிய 14 நாள் ஆகும், ஆணும் பெட்டையும் மாறி மாறி உட்காரும். அந்த ஒரு கிளையை மட்டும் ஒரு மாதம் கழித்து வெட்டிக்கொள்ளலாம்.