பாட்டியிடம் பலிக்காத நடிப்பு

எங்கள் குழுவில் ஒரு மதுரைக்காரன் இருக்கிறான். வியட்நாமின் சைகோனில் எத்தனை பேர் பீரோடு சுற்றி உட்கார்ந்து "மோட், ஹாய், பா, யோ!" (ஒன்று, இரண்டு, மூன்று, குடி!) என்று கத்தினாலும் இவன் மட்டும் கடைசிவரை தெளிவாக இருப்பான். டம்ளர் உதட்டில் படும், தொண்டை ஏறி இறங்கும், உள்ளே ஒன்றும் போகாது. மிச்சத்தை ஐஸ் உருகின தண்ணீர் என்று கணக்குக் காட்டிவிடுவான். பீரிலேயே ஐஸ் போட்டுக் குடிக்கிற ஊர் என்பதால் அது செல்லுபடியாகும்.

அந்தத் திறமைக்குச் சோதனை புவோன் மா துவோத்தில் வந்தது. சைகோனிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், மத்திய மேட்டுநிலம், காபிக்குப் பேர்போன ஊர். கூட வேலை பார்க்கிற எடே இனத்துப் பையன் ஒருவன் தன் பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். தரையிலிருந்து உயர்த்தி, தூண்கள்மேல் ரயில் பெட்டி போல நீளமாகக் கட்டிய வீடு. உள்ளே தூணோடு சேர்த்துக் கட்டிய ஒரு ஜாடி, அதில் ருவோ கன் என்கிற அரிசி மது. அரிசியை வேகவைத்து, காட்டு இலைகள் சேர்த்துச் செய்த ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துக் கலந்து, கூடவே உமியும் போட்டு, வாயை அடைத்து வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காய்ச்சி வடிப்பதெல்லாம் கிடையாது. குடிக்கிற நேரத்தில் தண்ணீரை ஊற்றி, நீளமான மூங்கில் குழாயைச் செருகி உறிஞ்ச வேண்டியதுதான். குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த உமி.

குழாயைப் பார்த்ததும் மதுரைக்காரன் முகம் மலர்ந்தது. "மச்சான், டம்ளர்னா காலியாச்சான்னு பார்ப்பாங்க. ஸ்ட்ராவுக்குள்ள எவன்டா எட்டிப் பார்க்கப் போறான்?" என்று என் காதில் சொன்னான்.

எடே மக்கள் தாய்வழிச் சமூகம், கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் முதல் குழாய் பாட்டிக்கு. அப்புறம் மற்ற பெண்கள், அதற்கும் அப்புறம்தான் நாங்கள். பாட்டி அலட்டிக்கொள்ளாமல் தன் பங்கை முடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

எங்கள் முறை வந்தபோதுதான் ஏற்பாடு புரிந்தது. ஜாடி விளிம்புவரை தளும்ப நிற்கிறது. பேரன் எருமைக் கொம்பு நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் நிற்கிறான். நாம் உறிஞ்ச உறிஞ்ச அவன் ஊற்றிக்கொண்டே வருவான், கொம்பு காலியானால் நம் பங்கு முடிந்தது. உறிஞ்சாமல் சும்மா இருந்தால்?

மதுரைக்காரன் கன்னத்தை உள்ளே இழுத்தான், கண்ணை மூடினான், வழக்கம்போல தொண்டையை ஏற்றி இறக்கினான். ஜாடி வழிந்து, பாயில் ஓடி, நேராக அவன் மடிக்கே வந்து சேர்ந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பாட்டியைத் தவிர. அவர் எழுந்து வந்து, பேரன் கையிலிருந்த கொம்பைத் தானே வாங்கி, திரும்ப நிறைத்துக்கொண்டார். முதலிலிருந்து ஆரம்பம்.

ருசியைக் கேட்டால், லேசான இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, பச்சிலை வாசம். இதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று தோன்றும், ஆபத்தே அதில்தான். தண்ணீர் சேரச் சேர நீர்த்துப்போகும் என்றார்கள். எங்களுக்கு வரும்போது நீர்த்ததாகத் தெரியவில்லை. நடுவில் சுட்ட கோழியும் மூங்கிலுக்குள் வெந்த சோறும் வந்தன, அதையெல்லாம் நிதானமாகச் சாப்பிடுகிற நிலையில் நான் இல்லை.

அந்த வீட்டின் படிக்கட்டு ஒரே மரத்தில் செதுக்கியது, மேல் முனையில் இரண்டு முலைகள் செதுக்கியிருக்கும். வீட்டுப் பெண்களுக்கான மரியாதை அது, ஏறும்போது பிடித்துக்கொள்வதும் அதைத்தான். ஏறும்போது வெட்கப்பட்டுக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வந்தவன், இறங்கும்போது இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

2020 முதல் அங்கே துளி குடித்திருந்தாலும் வண்டி ஓட்டினால் அபராதம், அதனால் ஸ்கூட்டரை விட்டுவிட்டு விடுதிவரை நடந்தோம். பாதி வழியில் பேரனிடமிருந்து செய்தி வந்தது, நாளைக்குப் பாட்டி புது ஜாடி திறக்கிறாராம், வழிய விட்டவனைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னாராம்.

"எனக்கு சுகர்னு சொல்லிடுடா" என்றான் மதுரைக்காரன்.