எம்.டி. முதலாண்டு சேரப்போகும் ஜூனியர்களுக்கு

பொது மருத்துவத்தில் பி.ஜி. (எம்.டி. என்னும் முதுநிலைப் படிப்பு) சேரப்போகும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அக்கா, சேர்றதுக்கு முன்னாடி எதைப் படிக்கணும்?" படித்தவரை போதும் என்பதே என் பதில். முதலாண்டில் நான் திணறிய இடங்கள் எதுவும் படிக்காததால் வந்தவை அல்ல.

பூச்சி மருந்து குடித்து வருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் ஆர்கனோபாஸ்பேட் என்ற நஞ்சு உடலுக்குள் என்ன செய்கிறது, கண்மணி ஏன் சுருங்குகிறது என்றெல்லாம் பார்மகாலஜியில் தொடங்கி இறுதியாண்டு வரை படித்துவிடுகிறோம். மாற்று மருந்தான அட்ரோபின் போட வேண்டும், பலன் தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் வார்டில் கைக்குக் கிடைப்பது 0.6 மில்லிகிராம் ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி). 3 மில்லிகிராமுக்கு ஐந்து உடைக்க வேண்டும். அடுத்த சுற்றுக்குப் பத்து, அதற்கடுத்து இருபது. உடைப்பது யார், ஊசியில் ஏற்றுவது யார், நேரத்தைக் குறிப்பது யார்? எங்கள் வார்டின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒரு நிமிடத்தில் ஆட்களைப் பிரித்துவிட்டு, "நீங்க நெஞ்சைக் கேளுங்க டாக்டர், மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்றார். நுரையீரலில் சளிச் சத்தம் அடங்கும்வரை ஸ்டெத்தை எடுக்காமல் நிற்பதுதான் என் வேலை என்று அன்று புரிந்தது.

இறுதித் தேர்வின் லாங் கேஸில் ஒரே நோயாளியிடம் உட்கார்ந்து நிதானமாக ஹிஸ்டரி (நோய் வந்த விவரம்) எடுக்கிறோம். புதிய நோயாளிகளைச் சேர்க்கும் முறை எங்கள் குழுவுக்கு வரும் அட்மிஷன் டே இரவில் மூச்சுத்திணறல், பக்கவாதம், பாம்புக்கடி எல்லாம் ஒரே நேரத்தில் ட்ராலியில் வந்து நிற்கும். யாரை முதலில் பார்ப்பது என்பதை எம்.பி.பி.எஸ்.ஸில் எந்தத் தேர்வும் எங்களிடம் கேட்டதில்லை.

ஆனாலும் ஹிஸ்டரி எடுக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களை நன்றியோடு நினைக்கிறேன். விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒருவர் வந்தார். இமைகள் லேசாகத் தொங்கின. கடித்த தடமோ வீக்கமோ இல்லை. "ராத்திரி எங்கங்க படுத்திருந்தீங்க?" என்று கேட்டதும், "தரையிலதாம்மா, பாய் போட்டு" என்றார். கட்டுவிரியன். தரையில் தூங்குபவரைத் தடம் தெரியாமல் கடிக்கும் பாம்பு. அதன் விஷம் நரம்பைத் தாக்குவது. அதனால், பாம்புக்கடிக்கு வழக்கமாகச் செய்யும், கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் சோதனையில் இரத்தம் இயல்பாகவே உறைந்துவிடும். அதை நம்பி அனுப்பியிருந்தால் சில மணி நேரத்தில் அவர் மூச்சு நின்றிருக்கலாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவைத்தது கல்லூரிதான்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.ஜி.க்கும் இடையில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வருடம்தான் வீணாகிறது. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். பாதி நாள் இரத்தம் எடுப்பதிலும் சாம்பிளை லேபுக்குத் தூக்கிப் போவதிலும் கழிகிறது. மீதியை பி.ஜி. நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. விழுங்கிவிடுகிறது. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்றால் யாருக்குத்தான் வார்டில் மனம் நிற்கும்? மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வார்டில் கற்றதற்கு மதிப்பே இல்லாத தேர்வு அது.

மரணத்தைச் சொல்வதையும் எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 2019 பேட்ச் முதல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தகவல் தொடர்புக்கும் நெறிமுறைக்கும் தனி வகுப்பு உண்டு. நான் அதற்கு முந்தைய செட். எங்கள் உதவிப் பேராசிரியர் பக்கத்தில் நின்றுதான் கற்றேன். உறவினர்களை உட்காரவைப்பார், தானும் உட்காருவார். இதுவரை அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார். பிறகு நேராகச் சொல்லிவிட்டு, அவர்கள் பேசும்வரை எழுந்திருக்க மாட்டார்.

இன்னும் ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அட்மிஷன் டேயிலும் ஒரு நோயாளியையாவது முழுதாகக் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், இன்று இரவு என்ன செய்வோம் என்று நீங்களே எழுதி பி.ஜி. மாணவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகில் முகமூடியைக் காற்று கசியாமல் பிடிக்க மயக்கவியல் போஸ்டிங்கிலேயே கேட்டுப் பழகுங்கள். பி.ஜி. சேர்ந்த அன்றே எமர்ஜென்சி ட்ரேயைத் திறந்து எந்த ஆம்பூலில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிடுங்கள். எந்தெந்த நிலையில் சீனியரை எழுப்ப வேண்டும் என்று அவரிடமே முதல் டூட்டிக்கு முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.