கவுண்ட் கேட்கும்போது பிசிவியையும் கேளுங்கள்

மழை தொடங்கிவிட்டது, எங்கள் லேபுக்கு வரும் காய்ச்சல் கேஸும் கூடிவிட்டது. ரிப்போர்ட்டை நீட்டினால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கவுண்ட் எவ்ளோம்மா?" டெங்கு பயத்தில், ரத்தம் உறைய உதவும் அணுவான பிளேட்லெட்டைத்தான் கேட்கிறார்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் முகம் மாறுகிறது, ஐம்பதாயிரம் என்றால் அங்கேயே நின்று சொந்தக்காரர்களுக்குப் போன் போடுகிறார்கள். பதினாறு வருஷமாக ரத்தம் பார்க்கிறேன், அதே தாளில் இருக்கும் பிசிவியை, அதாவது ரத்தத்தில் சிவப்பணு நூற்றுக்கு எவ்வளவு என்பதை, கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போன வருஷம் என் அக்கா மகளுக்கு டெங்கு வந்தது. இருபது வயது, எப்போதுமே ரத்தம் கொஞ்சம் குறைவுதான். காய்ச்சலின் இரண்டாம் நாள் எடுத்த டெஸ்டில் ஹீமோகுளோபின் 11, பிசிவி 33, இரண்டுக்கும் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பக்கத்து லேபில் எடுத்த ரிப்போர்ட்டை அக்கா வாட்ஸப்பில் அனுப்பினாள்: பிளேட்லெட் 62,000, ஹீமோகுளோபின் 13.4, பிசிவி 40. இரண்டு அம்புக்குறிகளும் காணோம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஏட்டி, கவுண்டு கொறஞ்சிருக்கு, ஆனா ரத்தம் நல்லா ஊறிருக்கு பாத்தியா, தெனமும் மாதுளம்பழம் ஜூஸ் போட்டுக் குடுத்தேன்லா."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று நாளில் யாருக்கும் ரத்தம் இப்படி ஊறாது.

பிசிவியை இப்போது மெஷினே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. நான் படித்தபோது ஊசி போல மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, சென்ட்ரிஃப்யூஜில் ஐந்து நிமிஷம் சுற்றி எடுப்போம். அடியில் சிவப்பணு, அதன்மேல் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. மொத்த உயரத்தில் சிவப்பு நூற்றுக்கு எவ்வளவோ அதுதான் பிசிவி. டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்ச் சுவர் கசிய ஆரம்பித்து, பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கிவிடும், சிவப்பணு மட்டும் உள்ளேயே நிற்கும். குழம்பு சுண்டினால் காய் கூடினது போலத் தெரியுமே, அதே கதைதான். அக்கா மகளுக்கு ரத்தம் கூடவில்லை, அதிலிருந்த நீர் போய்க்கொண்டிருந்தது.

அவரவருடைய பழைய அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினாலே கசிவு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 33-லிருந்து 40 என்பது 21 சதவீதம். ஆனால் தாளில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு பெண்களுக்கு ஏறக்குறைய 36 முதல் 46 வரை, அதனால் 33 இருந்தபோது எச்சரித்த தாள் 40 ஆனதும் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது. ரத்தசோகை இத்தனை பெண்களுக்கு இருக்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய பொறி என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. பிளேட்லெட் வேகமாக இறங்கும்போது பிசிவியும் ஏறினால் அது அபாய அறிகுறி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் நடக்கும், வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று உட்காருகிற நேரம்.

அக்காவைக் கூப்பிட்டேன். "அவ கையத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கா? வயிறு வலிக்குதுங்காளா?" இரண்டுக்கும் ஆமாம். ஆஸ்பத்திரியில் பிரஷர் 100-க்கு 80. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20-க்கு வந்துவிட்டால், உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகிற ஷாக்கின் வாசல். உடனே டிரிப்ஸ் போட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் பிசிவி பார்த்து, அதற்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்தார்கள். கசிவு நின்றபின் வெளியே போன நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும், அப்போதும் டிரிப்ஸை ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிசிவி இறங்கினாலும் உடனே சந்தோஷப்பட முடியாது. ஆள் தேறாமல் எண் மட்டும் விழுந்தால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று தேட வேண்டும்.

இதற்கிடையில் அத்தான் பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். மறுநாள் கவுண்ட் 38,000. டாக்டர் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அது சரியான முடிவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே போன டெங்கு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வந்தது. ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின.

கொரோனா சமயத்திலும் ரத்த டெஸ்டில் வரும் டி-டைமர், ஃபெரிட்டின் என்று ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடந்தார்கள். எந்த எண்ணும் தனியாகப் பேசாது, முந்தின நாள் எண் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் முதல் மூன்று நாளுக்குள் பிளேட்லெட், பிசிவி எல்லாம் ஒரே தாளில் வரும் சிபிசி டெஸ்ட் ஒன்று எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். லேபை மாற்றினாலும் ஆஸ்பத்திரியை மாற்றினாலும் கையோடு கொண்டுபோங்கள்.

அக்கா மகளுக்கு ஏழாம் நாள் பிசிவி 34. வெள்ளையணு ஏற ஆரம்பித்திருந்தது, பிளேட்லெட் இன்னும் 45,000-தான், ஆனால் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நான் அதற்குப் பிறகு டெங்கு சந்தேகம் என்று வருகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், பழைய தாள் இருந்தால் வாங்கிப் பார்த்து, முதல் நாள் பிசிவியைப் பேனாவால் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.