ரிசல்ட் அன்னிக்கு பக்கத்து வீடு

"எம்பொண்ணும் பாஸ்தான் தம்பி."

இதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு நல்லாவே ஞாபகம் இருக்கு. "ரொம்ப சந்தோஷம்க்கா, அடுத்து என்ன படிக்கப் போறா?"ன்னு கேட்டேன், "நர்சிங்குன்னு சொல்லிட்டிருக்கா"ன்னாங்க, தலையாட்டிட்டு நோட்டை மூடிட்டேன். அவ்ளோதான் நடந்துச்சு. அந்தக்கா கோவமாக்கூட சொல்லல. ஆனா மே மாசம் வந்தா இது மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சிருது.

நான் அப்ப மாவட்ட நிருபர். அந்தக் காலத்துல பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு மாவட்ட நிருபருக்கு என்ன வேலை இருந்துச்சுன்னு இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். ஸ்டேட் ரேங்க், மாவட்ட ரேங்க், வாயில ஸ்வீட் ஊட்டுற ஃபோட்டோ, சாயங்காலத்துக்குள்ள ஒரு "கூலித் தொழிலாளி மகள் சாதனை". அதுலயும் விருதுநகர் மாவட்டம்னா இன்னும் சிக்கல், பாஸ் பர்சன்டேஜ்ல வருஷக்கணக்கா முதலிடத்துல இருந்த ஊரு, வெறுமனே பாஸாகறது அங்க செய்தியே கிடையாது. 1200க்கு எவ்ளோ மார்க், அப்பா அம்மா என்ன வேலை, இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்கோ அவ்ளோ பெரிய ஸ்டோரி. இது எங்கயும் எழுதி வெச்ச ரூல் இல்ல, ஆனா டெஸ்க்ல இருந்து ஃபோன் வந்தா முதல் கேள்வி மார்க்கு, ரெண்டாவது கேள்வி அம்மா அப்பா வேலை.

அந்த வருஷம் நாங்க போன வீட்டுப் பொண்ணு ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தா. அம்மா பட்டாசு ஆபீஸ்ல, அதாவது பட்டாசு ஃபேக்டரில, சரம் பின்ற வேலை, எவ்ளோ பின்றாங்களோ அவ்ளோ கூலி. திரியும் நூலும் உரசி உரசி ஆள்காட்டி விரல் காய்ச்சுப் போயிருக்கும், அதை க்ளோசப் எடுக்கணும்னு எங்க ஃபோட்டோகிராஃபருக்கு ஆசை. மூலையில கவர்மென்ட் குடுத்த இலவச கலர் டிவி இருந்துச்சு, அப்ப எல்லா வீட்லயும் இருந்தது அது, ஆனா ஃப்ரேம்ல டிவி வந்தா ஏழ்மை அடிபட்டுப் போகும்ல, அதனால ஒரு சேலையை எடுத்து மூடச் சொன்னார். மூடினது பக்கத்து வீட்டு அக்காதான். அவங்களும் அதே ஆபீஸ், அதே பின்னல் வேலை, அதே மாதிரி விரல். பொண்ணும் அதே கவர்மென்ட் ஸ்கூல், அதே கிளாஸ், எழுநூத்துச் சொச்சம் மார்க். சேலையைச் சரிபண்ணிட்டு, எங்களுக்கு ரஸ்னா கலக்கிக் குடுத்துட்டு, கிளம்புறப்ப வாசல்ல வெச்சுத்தான் அதைச் சொன்னாங்க.

என் பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். எனக்கு இருந்தது கால் பக்கம். அந்த மாவட்டத்துல அன்னிக்கு ஆயிரக்கணக்கான புள்ளைங்க பாஸ், அத்தனை பேர் வீட்டு வாசல்லயும் யாரோ ஒரு அக்கா நிக்கத்தான் செய்வாங்க. யாரையாவது ஒருத்தரை எடுத்துத்தான் ஆகணும், எடுக்கறதுக்கு ஒரு அளவுகோல் வேணும், மார்க்கைவிட நேர்மையான அளவுகோல் என்ன இருக்கு, ஜாதி பாத்து எடுக்கல, தெரிஞ்சவங்கன்னு எடுக்கல. இப்பவும் யாராவது கேட்டா இதைத்தான் சொல்வேன், சொல்லியும் இருக்கேன், ஜர்னலிசம் படிக்கிற பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறப்ப தைரியமாவே சொன்னேன்.

ஆனா ஃபீஸ் கணக்கு போட்டுப் பாத்தா அந்தத் தைரியம் கொஞ்சம் ஆட்டம் காணுது. ஆயிரத்து நூறு வாங்கின பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல நல்ல காலேஜ்லயே சீட் உறுதி. 2010ல வந்த முதல் பட்டதாரி சலுகை இருக்கு, குடும்பத்துல முதல் ஆளா படிக்கப் போனா, கவுன்சிலிங் வழியா சேர்றப்ப டியூஷன் ஃபீஸை கவர்மென்டே ஏத்துக்கும். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும்தான் வழி பண்ணணும். எழுநூறு வாங்கினவளுக்கு கவர்மென்ட் நர்சிங் காலேஜ் எட்டாது. ப்ரைவேட்ல சேரணும்னா கையில காசு வேணும், இல்லன்னா பேங்க் லோன். நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் சொத்து கேக்கக் கூடாதுன்னு விதி என்னவோ இருக்கு, ஆனா செக்யூரிட்டி என்ன இருக்குன்னு கேக்கற மேனேஜர் முன்னாடி போய் நின்னவங்களுக்குத்தான் அந்த விதியோட லட்சணம் தெரியும். அப்ப காசு யாருக்கு அதிகமாத் தேவைப்பட்டுச்சு? நான் எழுதின ஸ்டோரிக்குக் கீழ ஒரு பாக்ஸ் கட்டி "உதவ விரும்புவோர்"னு அக்கவுன்ட் நம்பர் போட்டோம், பணம் வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. தேவை கம்மியா இருந்த வீட்டுக்குப் போச்சு. சரி, கம்மின்னு சொல்றது தப்பு, அந்த வீட்லயும் கடன்தான். ஒரு செவுரு தள்ளி இருந்த வீட்டைவிட கம்மின்னு சொல்லிக்கலாம்.

ஏழைப் புள்ளைங்களைப் படிக்க வைக்கிற அகரம் மாதிரி அமைப்புங்க விண்ணப்பம் வாங்கி, வீடு வரைக்கும் போய் விசாரிச்சுத்தான் புள்ளைங்களைத் தேர்ந்தெடுக்கறாங்க. நாங்க ஒரு ரஸ்னா குடிக்கிற நேரத்துல தேர்ந்தெடுத்தோம். நியூஸ்பேப்பர் என்ன ட்ரஸ்ட்டான்னு கேப்பீங்க. இல்லதான். அப்ப அக்கவுன்ட் நம்பர் எதுக்குப் போட்டோம்?

அதுக்கப்புறம் நான் டெஸ்க்குக்கு வந்தேன், வார இதழ்ல ஃபீச்சர் பாத்தேன், இப்ப டிஜிட்டல்ல வீடியோ டீம். எடம் மாறினாலும் இந்த மே மாச ஸ்டோரி கூடவே வந்துச்சு. பேப்பர்ல "சாதனை"ன்னு போட்டதை வார இதழ்ல "நெகிழ்ச்சி"ன்னு போட்டோம், வீடியோல கண் கலங்குற எடத்தை தம்ப்நெயில் ஆக்கி அடியில புல்லாங்குழல் ஓட விடறோம். 2017ல கவர்மென்ட் ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தினப்ப, இனி இதெல்லாம் ஓயும்னு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி எனக்கு. ஓயல. ரேங்க் இல்லன்னா என்ன, ஸ்கூல் ஸ்கூலா ஃபோன் பண்ணி டாப் மார்க்கைத் தேட ஆரம்பிச்சோம். 1200 போய் 600 வந்துச்சு, கேள்வி மட்டும் மாறல. நான் எடிட்டரா ஆனப்புறமும் அதே ரெண்டு கேள்வியைத்தான் கேட்டேன், அதே வரிசையில.

இதுல இன்னொண்ணு. நாலஞ்சு வருஷம் முன்னாடி அந்த ஆயிரத்து நூறு பொண்ணு எங்கயோ நம்பர் வாங்கி எனக்கு ஃபோன் பண்ணுச்சு. சென்னையில ஐடி வேலை. "சார், அந்த ஃபோட்டோ இன்னும் நெட்ல இருக்கு, எடுக்க முடியுமா? மாப்பிள்ளை வீட்ல பாத்துட்டு அம்மாகிட்ட ஒரு மாதிரி பேசிட்டாங்க." உதவினதுக்கு நன்றின்னும் சொல்லுச்சு, மனசாரத்தான் சொல்லுச்சு. அந்தப் பேப்பர்ல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் மிச்சம் இருந்தார், அவர்கிட்ட சொல்லி எடுக்க வெச்சேன். ஃபோனை வெச்சதும் எனக்குத் தோணினது என்னன்னா, நல்லவேளை அந்த நர்சிங் பொண்ணு தப்பிச்சுது, அவ வீட்டுக் கஷ்டம் கூகிள்ல இல்ல. கொஞ்ச நேரம் இது பெரிய ஆறுதலா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, எழுதாம விட்டதுக்கு இவ்ளோ நல்ல காரணம் இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் இன்னொருத்தி அவமானத்துல இருந்து கிடைக்குதுன்னா அதை எப்படி நம்பறது. அவ நர்ஸ் ஆனாளான்னு அந்த ஃபோன்லயே கேட்டிருக்கலாம், பக்கத்து வீடுதானே. வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. பட்டாசு ஆபீஸுக்குப் போறான்னு சொல்லிட்டா?

எங்க டீம்ல ஒரு பொண்ணு இருக்கா, சேந்து ரொம்ப நாள் ஆகல. போன சீசன்ல "சார், 600க்கு 340 வாங்கினவங்க என்ன பண்றாங்கன்னு ஒரு ஸ்டோரி பண்ணலாமா"ன்னு வந்து நின்னா. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருதே, அதை நம்பி எந்தெந்த காலேஜ்ல சேர்றாங்க, பாதியில யார் நிக்கறாங்கன்னு ஒரு சுத்து சுத்திட்டு வரணும்னா. நல்ல ஐடியா, தலைல வெச்சு கொண்டாட வேண்டிய ஐடியா. நான் கேட்டது, "இதுல ஹீரோ யாரு?" அவ கொஞ்சம் முழிச்சுட்டு, "யாருமில்ல சார், எல்லாரும்தான்"னா. எல்லாரும்னா யாரும் க்ளிக் பண்ண மாட்டாங்கன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல, மாசா மாசம் நம்பர்ஸ் பாக்கறவன் நான். இருந்தாலும் பண்ணுன்னு விட்டேன். பண்ணினா, பப்ளிஷ் ஆச்சு, சொன்ன மாதிரியே ஓடல. அதே வாரம் போட்ட ஒரு டீ மாஸ்டர் பொண்ணோட 591 பிச்சுக்கிட்டு ஓடுச்சு, அந்தப் பொண்ணுக்கு ஒரு காலேஜ் சீட்டே குடுத்துச்சு. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இந்த வருஷமும் அவ அதே லிஸ்ட்டோட வருவா, போன தடவை பேசின புள்ளைங்களை மறுபடி போய்ப் பாக்கணும்னு இப்பவே சொல்லிட்டிருக்கா. வண்டி, கேமரா எல்லாம் குடுக்கறதாச் சொல்லியிருக்கேன். ரிசல்ட் அன்னிக்கு மட்டும் அவ டாப்பர்ஸ் பக்கம் நிக்கணும், ஆள் பத்தாது.