எக்ஸைமர் விளக்குக்கு எலக்ட்ரான் கன்: படலத்திலிருந்து தொடங்குங்கள்

மிகச் சிறிய அலைநீளப் புற ஊதா ஒளி வேண்டுமென்றால் ஆர்கான் (126 நானோமீட்டர்), கிரிப்டான் (147), செனான் (172) வாயுக்களை எலக்ட்ரான் கற்றையால் தூண்டுவது நல்ல வழி. தூண்டப்பட்ட அணு இன்னொன்றோடு இணைந்து ஒளிவிடும், அதுதான் எக்ஸைமர் விளக்கு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990களில் வளர்ந்த முறை இது. வெற்றிடத்தில் கற்றையைத் தரும் கன், மறுபுறம் ஏறத்தாழ 1 பார் வாயு, நடுவே 300 நானோமீட்டர் தடிமனில் சிலிக்கன் நைட்ரைடு படலம்.

கன் வடிவமைப்பை எலக்ட்ரான் உமிழும் கேத்தோடில் தொடங்கினால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வரைய வேண்டிவரும். மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது படலம்தான். 5 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் பெரும்பாலும் படலத்துக்குள்ளேயே நின்றுவிடும். 12 கிலோவோல்ட்டில் சுமார் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் மட்டும் இழந்து வெளியே வரும். அங்கிருந்து வாயுவில் ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும், அதனால் ஒளி கிட்டத்தட்ட ஒரு புள்ளியிலிருந்து வருகிறது. 12 கிலோவோல்ட், 10 மைக்ரோஆம்பியர் கற்றையில் படலத்தில் தங்கும் வெப்பம் 20 மில்லிவாட் அளவு. கற்றையைக் கூர்மையாகக் குவித்தால் அதுவே படலத்தைத் துளைத்துவிடும். படலம் மூடிய ஜன்னல் 1 மி.மீ. அகலம் என்றால் கற்றை அதை நிரப்பும் அளவுக்கு விரியட்டும்.

படலம் வாயு அறையோடு சேர்ந்தது, ஆகவே அது தரை மின்னழுத்தத்தில்தான் இருக்க முடியும். கேத்தோடு மைனஸ் 12 கிலோவோல்ட்டில் மிதக்கும். கேத்தோடாக இருக்கும் இழைக்கு மின்சாரம் தர, அந்த மின்னழுத்தம் தாங்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. முதல் கன்னுக்கு டங்ஸ்டன் கொண்டை ஊசி இழை போதும். லாந்தனம் ஹெக்ஸாபோரைடு கேத்தோடு குறைந்த வெப்பத்தில் அதிக எலக்ட்ரான் தரும். ஆனால் 10⁻⁷ மில்லிபார் வெற்றிடம் கேட்கும். சூடேறும்போது இழை நீண்டு நுனி முன்னே வரும், எனவே வெனெல்ட் (இழையைச் சூழ்ந்து கற்றையைக் கட்டுப்படுத்தும் மூடி) துளையின் நடுவில் சற்று உள்ளே தள்ளி வையுங்கள்.

பலரும் தடுமாறுவது புவியின் காந்தப்புலத்தில்தான். 12 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கற்றை 20 செ.மீ. ஓடுவதற்குள் 0.4 காஸ் புலம் அதை 2 மி.மீ. வரை விலக்கும், ஜன்னலோ 1 மி.மீ. கன் சரியாக இருந்தும் வெளிச்சம் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெற்றிடத்தை அளக்கும் பென்னிங் கேஜின் காந்தமும் அருகிலிருந்தால் கற்றையை இழுக்கும். ஓடும் தூரத்தைக் குறையுங்கள், காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உறை போடுங்கள், அல்லது இரண்டு ஜோடி திருப்புச் சுருள் வையுங்கள். படலம் பொருத்துமுன் அந்த இடத்தில் எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் திரை வைத்து, கற்றை எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுவது கட்டாயம்.

பிறகு மின்னழுத்தத்தை 500 வோல்ட் படிகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் கசிவு மின்னோட்டம் அடங்கும்வரை பொறுங்கள். வாயுவை ஊசி வால்வு வழியே மெதுவாக விடுங்கள். படலம் கிழிந்தால் வாயு கன்னுக்குள் பாயும், சூடான இழை போய்விடும். கன்னுக்குள் வாயு அழுத்தம் 10⁻⁴ மில்லிபாரைத் தாண்டினால் உயர் மின்னழுத்தத்தையும் இழையையும் சேர்த்து நிறுத்தும் இன்டர்லாக் இல்லாமல் ஓட்டவே கூடாது.

வெளியே ஒளி மங்கலாக இருந்தால் கன்னைக் கலைக்குமுன் வாயுவைப் பாருங்கள். நீராவியும் ஆக்சிஜனும் ஒளியை விழுங்கும். அறையைச் சூடாக்கி உலர்த்தி, வாயுவை மாசுகளைப் பிடித்துக்கொள்ளும் கெட்டர் வழியே அனுப்ப வேண்டும். 126 நானோமீட்டருக்கு ஒளி வெளியேறும் ஜன்னல் மெக்னீசியம் ஃப்ளோரைடு. சாதாரண குவார்ட்ஸ் போட்டால் ஒளி அதிலேயே நின்றுவிடும்.