முப்பத்து மூன்றாம் படைப்பிரிவும் அம்மாவின் புளியும்

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கென்ட் பக்கம். சனிக்கிழமையானால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த விவசாயி ஒருவரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிற வயலுக்குக் கிளம்பிவிடுவேன். இதுவரை கிடைத்த செல்வம்: பீர் கேன் வளையங்கள் ஒரு வாளி, வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிகள் அரை வாளி, ஒரு டிராக்டர் நட்டு. போன நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா அந்த வாளியைப் பார்த்துவிட்டு, "ஏல, பேரீச்சம்பழக்காரன் இங்க வருவானா?" என்றுதான் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மெஷின் நல்ல கணீரென்று கத்தியது. ஒரு சாண் தோண்டினால் மண் அப்பிய வட்டமாக ஒன்று, பின்னால் சின்ன வளையம். பட்டன்! கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தேன், பச்சைக் களிம்புக்கு நடுவில் வளைவாக ஒரு 3, பக்கத்திலேயே இன்னொரு 3. அவ்வளவுதான், எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

ஏன் என்றால், பிரிட்டிஷ் ராணுவம் 1767-லேயே பட்டனில் ரெஜிமென்ட், அதாவது படைப்பிரிவின் எண் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டது. 33 என்றால் நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டனின் பழைய ரெஜிமென்ட், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோட்டைக்கு முன்னால் நின்றது, 1815-இல் வாட்டர்லூவிலும் நின்றது. வீட்டுக்கு வண்டி ஓட்டி வருவதற்குள் அந்தச் சிப்பாய்க்கு ஒரு மீசை, ஊரில் காத்திருக்கும் ஒரு காதலி எல்லாம் வைத்து முடித்துவிட்டேன். சாதாரணச் சிப்பாய்களுக்கு 1855 வரை பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவைப் பட்டன்தான், பித்தளை அதற்கப்புறம்தான் வந்தது. என் கையில் இருந்ததோ பச்சை பிடித்த பித்தளை. இது அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது, சிப்பாயை உடனே ஆபீசராக்கிவிட்டேன், அவர்கள் பட்டன் முலாம் பூசியதாயிற்றே!

மண்ணிலிருந்து எடுத்ததைத் தேய்க்கவே கூடாது, வெறும் தண்ணீரில் ஊற வைத்தால் போதும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் பாலபாடம். நானும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, பட்டனைப் போட்டு, சிங்க் ஓரமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த இடைவெளி போதும் அம்மாவுக்கு. திரும்பி வந்தால் பட்டன் புதுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலிக்கிறது, பக்கத்தில் புளிச் சக்கையும் கல்லுப்பும். "களிம்பு ஏறிக் கிடந்துது, பாக்கவே சகிக்கல" என்றாள். எனக்கு அழுகை வராத குறை.

சரி, போனது போகட்டும் என்று பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். முதல் 3 ஒரு சிங்கத்தின் வால். இரண்டாவது 3 எதிரில் நிற்கும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் வால். நடுவில் கேடயம், மேலே கிரீடம். திருப்பினால் 'ஸ்மித் அண்ட் ரைட், பர்மிங்காம்'. அரச சின்னம் போட்ட பொதுப் பட்டன்! 1871-இல் சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் எண்ணை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுத்தார்களே, அந்தச் சரக்கு. இந்த நாட்டு வயல்களில் நம் ஊர் நெருஞ்சி முள் மாதிரி எங்கே பார்த்தாலும் கிடக்கும். ஒன்று சொல்லியாக வேண்டும், புளி மட்டும் இல்லையென்றால் பின்பக்க எழுத்து தெரிந்திருக்காது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, அந்த வயலுக்குச் சிப்பாய் எப்படி வந்தான்? முகாமாவது இருந்திருக்கும் என்று அடுத்த வாரம் விவசாயியிடமே கேட்டேன், அம்மாவும் கூட வந்திருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஜாம் பாட்டில் நிறைய அதே மாதிரிப் பட்டன்களைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். சண்டையும் இல்லை, முகாமும் இல்லை. பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடி அந்தக் காலத்தில் அங்கே நிறைய, அதற்கு உரமாக யார்க்‌ஷயர் ஆலைகளிலிருந்து கம்பளிக் கந்தல் மூட்டை மூட்டையாக வருமாம். கம்பளி மெல்ல மக்கி வருடக்கணக்கில் தழைச்சத்து கொடுக்கும். அந்தக் கந்தலில் பழைய ராணுவச் சட்டைகளும் உண்டு. சட்டை மக்கிவிட்டது, பட்டன் தங்கிவிட்டது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், "அப்போ நீ வாரா வாரம் போய் எருக்குழியத்தான் கிண்டிட்டு வாரியா?" என்றாள் அம்மா. அவருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

பிப்ரவரியில் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். ஏர்போர்ட் வாசலில் விட்டுவிட்டு வந்தேன். சோதனை முடிந்ததும் போன் செய்தாள்: "ஏல, அந்த வாசல்ல நுழைஞ்சதும் உன் மெஷின் மாதிரியே கத்துச்சு. ஒரு பிள்ள வந்து கம்பு மாதிரி ஒண்ண வச்சுத் தடவிப் பாத்துச்சு, சரியா ஸ்வெட்டர் பட்டன்கிட்ட வந்ததும் மறுபடி கத்துது."

"எந்த பட்டன்மா?"

"ஒண்ணு அறுந்து போச்சுல்ல, அதான் நான் தேச்சு வச்ச அந்தச் சிங்கத்தத் தச்சுக்கிட்டேன். அளவு சரியா இருந்துது."