பத்தாவது பெயர்

வியாசர்பாடியில் உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் பட்டறையில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். வருகைப் பதிவேட்டில் எப்போதும் ஒன்பது பெயர்தான் இருக்கும். மிஷினில் நின்றவர்கள் பன்னிரண்டு பேர், வேலை நெருக்கும் மாதங்களில் பதின்மூன்று. பத்தாவது பெயரை எழுதினால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிடும் என்பார் முதலாளி. சரி என்று மற்றவர்களைக் 'கூலி' என வவுச்சரில் எழுதி மாதத்தை முடித்தவள் நான்தான்.

2022இல் பவர் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு இரண்டு விரல்கள் போயின. கொடுங்கையூர்ப் பையன், வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம். துணியைச் சுற்றி ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் அவனுடைய அம்மா பட்டறைக்கு வந்தார். பணம் கேட்கவில்லை. "என் புள்ள பேரு எதுலயாவது இருக்காம்மா?" என்றுதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவுதான் ஈ.எஸ்.ஐ. சட்டத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். பதிவேட்டில் எத்தனை பெயர் என்பது கணக்கே இல்லை. உண்மையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கூலி ஆளும் அதில் அடக்கம். பத்துப் பேர் சேர்ந்த பதினைந்து நாளுக்குள் நிறுவனத்தைப் பதிந்திருக்க வேண்டும். சரி, நிஜமாகவே ஒன்பது பேர்தான் என்றாலும் தப்பிக்க வழியில்லை. வேலையில் அடிபட்டால் முதலாளியே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் பொறுப்பு உண்டு.

இவ்வளவும் எந்தச் செலவுக்குப் பயந்து? மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 90 ரூபாய். அதைக் கட்டியிருந்தால் அந்தப் பையனுக்கு வைத்தியம் இலவசம். கை ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. விரல் போனதற்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகை தனி. கடைசியில் பழைய பாக்கி, அதற்கு வருடம் 12 சதவீத வட்டி, பையனுக்கான தொகை எல்லாம் முதலாளி தலையில் மொத்தமாக விழுந்தன.

பி.எஃப். வேறு கணக்கு, அதற்கு இருபது பேர். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஈ.எஸ்.ஐ.க்கு அதிலும் பத்துப் பேர்தான். ஆனால் நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

இப்போது கொருக்குப்பேட்டையில் இரண்டு பட்டறைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். புது ஆள் வந்தால் முதல் நாளே ஆதார், வங்கிப் பாஸ்புக் வாங்கிப் பதிந்துவிடுகிறேன். அப்புறம், வீட்டில் யார் யார் என்று கேட்டு, அவனை நம்பியிருக்கும் அம்மா அப்பா பெயரையும் சேர்க்கிறேன். அவர்களுக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டையில் வைத்தியம் உண்டு. கொடுங்கையூர் அம்மாவுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும்.